ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

பருத்திப்பட்டு
1943 ஜனவரி 10, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சமைத்தேன். அவர் வந்தார். ஆவடி ராணுவக் கிடங்கில் குமாஸ்தா வேலை கிடைத்ததிலிருந்து அங்கேயே கொட்டகையில் தங்குகிறார். நடந்து வரக்கூடிய தூரம்தான். ராத்திரி வேலை என்கிறார். சாப்பிட்டார், பேப்பர் படித்தார், தூங்கினார். கிளம்பும்போது சாப்பாடு நன்றாக இருந்தது என்றார். ஓட்டலில் சொல்கிற மாதிரி.

ஜனவரி 24

வரவில்லை. குழம்பைப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளுக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 7

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து காடு மலையெல்லாம் நடந்து வந்தவர். போன ஜூனில் எலும்பும் தோலுமாக வாசலில் நின்றார். நான் அழுதேன். அவர் தண்ணீர் கேட்டார். காய்ச்சல் அடங்கட்டும் என்று இருந்தேன். அப்புறம், வேலை கிடைக்கட்டும் என்று. இனி எதற்காகக் காத்திருப்பது?

இன்று கேட்டுவிட்டேன், என் மேல் கோபமா என்று.

"கோவம் இன்னாத்துக்கு?"

"அங்க யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல, ரோஸி. இருந்தா சொல்லிடுவேன். உன்னைப் பார்த்தா ஒண்ணும் தோண மாட்டேங்குது. அவ்ளோதான்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? யாராவது இருந்திருந்தால் அவளையாவது திட்டலாம்.

பிப்ரவரி 8

அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

மார்ச் 10

விபூதிப் புதன். ஒருசந்தி. பசியே இல்லாமல் பட்டினி கிடந்தால் அது புண்ணியத்தில் சேருமா?

மார்ச் 21

வேப்பம்பட்டிலிருந்து அத்தை வந்திருந்தார். மகன் வீடு தங்காததற்கு நான்தான் காரணமாம். "பிரகாசத்துக்கு நீ இன்னா கொறச்சல் வச்சே?" என்று கேட்டார். நானும் அதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன். குறை என்று ஒன்று இருந்தால் தேவலை. நான் இன்னாதான் பண்றது? நல்ல புடவை கட்டிக்கினு சிரிச்சிக்கினு நிக்கணுமா? அதையும் பண்ணிட்டேனே.

ஏப்ரல் 25, ஈஸ்டர்

வந்தார். போனார்.

மே 16

எங்கே பார்த்தாலும் அரிசிப் பஞ்சம். பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கஞ்சி ஊற்றுகிறார்கள். லீவுதானே, வர முடியுமா என்று மடத்து மதர் கேட்டார். போனேன். அடிப்பிடிக்காமல் கிண்டுவதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. எல்லம்மா என்று ஒரு கைக்குழந்தைக்காரி, ஒரு வாய் குடித்துவிட்டு, "டீச்சரம்மா, உப்பு பத்தல" என்றாள். நானும் ருசி பார்த்தேன். உண்மைதான், போடவே மறந்திருக்கிறேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஜூலை 4, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி நிற்கவில்லை. அவர் வந்து வீடு பூட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆரோக்கியம்மாள் கொட்டகைக்கு அனுப்பிவைத்தாள். ஜபல்பூருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம், பதினைந்தாம் தேதி ரயில் ஏறுகிறாராம்.

"அங்க ஊடு தராங்க. நீயும் வந்துடேன்."

அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டேன். "நீங்க கூப்புடறீங்களா, அத்தை சொல்லி அனுப்பினாங்களா?"

பொய் சொல்ல வராதவர். கட்டிக்கொண்டபோது எனக்குப் பிடித்திருந்ததே அதுதான்.

"அம்மாதான் சொன்னாங்க."

"அப்போ நான் இங்கியே இருந்துக்கறேன்."

தலையாட்டினார். அவர் முகம் லேசாகிவிட்டது. அதைப் பார்த்தபோது மட்டும் எங்கோ சுருக்கென்றது. கிண்ணம் நீட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள், ஊற்றினேன்.

ஜூலை 15, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம்மாள் குடத்தோடு வந்தவள், "டேசனுக்குப் போலியா, டீச்சரம்மா?" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பிரகாசம் இன்றைக்கு ஊருக்குப் போகிறார் என்று.