தலையணையை எடுத்துவிடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது, சொட்டு மருந்தை மட்டும் நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அந்த வித்தை எனக்கு நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பெரிய கட்டிலில் வாண்டு தூங்குகிறான், சுற்றிலும் நாலு தலையணையை வைத்து அணை கட்டியிருக்கிறாய். புரள்கிறான், தவழ்கிறான், தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறான் என்று சந்தோஷமாகச் சொன்னாய். கூடவே, "நான் அம்மா மாதிரி அசால்ட்டா இருக்க மாட்டேன்பா" என்றும் சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது எனக்குப் புதிதல்ல.

உனக்கு முன்னால் பிறந்த உன் அண்ணன் எட்டு மாதத்தில் போய்விட்டான் என்று உனக்குத் தெரியும், அம்மாவின் கவனக்குறைவால் போனான் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். நடந்தது இது. அன்று எனக்கு லேத் பட்டறையில் லீவு. மதியம் அம்மா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள், போகும்போது "முழிச்சா புரளுவான், பக்கத்திலயே இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கட்டிலைச் சுவர்ப்பக்கம் தள்ளினேன், பிள்ளைக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று பேசப் போனேன். பத்து நிமிஷமா இருபது நிமிஷமா தெரியாது. பிள்ளை புரண்டு, தலையணையோடு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கிவிட்டான், முகம் தலையணையில். அழுதிருந்தால் வாசலுக்குக் கேட்டிருக்கும், அழக்கூட முடியவில்லை. அரை நூல் பிசகினாலும் கண்ணாலேயே பிடித்துவிடுவான் என்று பட்டறையில் எனக்குப் பேர், ஒரு சாண் இடைவெளி அன்று என் கண்ணில் படவில்லை. அவனைத் தூக்கி எடுத்தது அம்மாதான். அத்தை ஓடிவந்து "பிள்ளைய யாரு பாத்துக்கிட்டிருந்தது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள், முப்பத்துமூன்று வருஷமாக நானும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு சண்டையில் நானே அதை அவளிடம் சொல்லிக் காட்டியும் இருக்கிறேன், இதற்கு மேல் என்ன எழுத.

படித்த கையோடு தலையணைகளை எடுத்துவிடு. தவழுகிற பிள்ளைக்கு அவை காவல் இல்லை. பகல் தூக்கமானாலும் தொட்டிலிலேயே மல்லாக்கப் படுக்க வை, மெத்தை கெட்டியாக இருக்கட்டும், ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை வேண்டாம். எழுந்து நிற்கப் பார்க்கிறான் என்றால் மெத்தையை அடித்தட்டுக்கு இறக்கச் சொல். உள்ளே போர்வை பொம்மை எதுவும் போடாதே, ஜன்னல் திரைக் கயிறு அவன் கைக்கு எட்டக் கூடாது. இதற்குப் போய் இவ்வளவா என்று மாப்பிள்ளை சிரித்தால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு, எனக்கு இனி மானம் பார்க்க ஒன்றும் இல்லை.

உனக்கு எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தாவது சொல்கிறேனே, நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நப்பாசை. "எழுதுங்க, உங்களுக்குப் பாரம் எறங்கிடும். எனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். முன்பு கடிதம் எழுதிய நாட்களைப் போல அடியில் அவள் எழுத இடம் விடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள்.

வாண்டு நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும், நீங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் வாழ வேண்டும். அடுத்த முறை என் நம்பருக்குக் கூப்பிடாதே, அம்மாவைக் கூப்பிடு. நீ பேசி முடிக்கும் வரை நான் வீட்டுக்குள் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா