போவம் என்று நீ சொன்ன கப்பல்

சாய்ந்தமருது,
வியாழக்கிழமை, ளுஹர் தொழுத பிறகு.

அன்பு மகன் றுமைஸுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் இங்கே நாங்கள் எல்லாரும் சுகம், நீயும் மருமகள் பஹ்மிதாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த லண்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். சுகம் என்று எழுதியது உடம்பைப் பற்றித்தான், மனசு ஒரு கிழமையாக ஓரிடத்தில் இருக்கமாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்குள் இரண்டு தரம் எழும்பிப்போய்க் கறி அடிப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பை அணைத்து எவ்வளவோ நேரம். போனில் சொல்லாமல் இது என்ன புதுப் பழக்கம் என்று நீ நினைப்பாய். உன் தங்கச்சி ஸப்னாவின் போனில் நான் கதைத்தால் இந்த வீடு முழுக்கக் கேட்கும், நீ ஸ்பீக்கரில் போட்டால் அந்த வீடு முழுக்கக் கேட்கும். இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம். மருதமுனை றாஸிக் லீவு முடிந்து சனிக்கிழமை லண்டன் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

கப்பல் கதைக்கே வருகிறேன். நோன்புக்கு முன்னால் ஒரு நாள் நீ போன் எடுத்து, "உம்மா, பெரிய கால்வாய்க்குள்ளால போற உல்லாசக் கப்பல் ஒண்டுல போவம், சுயஸா பனாமாவா எண்டு நீங்களும் வாப்பாவும் பாத்துச் சொல்லுங்க" என்றாய். அன்றிலிருந்து உன் வாப்பாவைப் பிடிக்க முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் சுயஸில் ஒரு பெரிய கப்பல் குறுக்கே சிக்கிக் கிடந்த நாட்களில் அவருக்குச் சோறு தண்ணி இறங்காமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். காலமெல்லாம் நெல் லொறி ஓட்டியவர் அல்லவா, ரீவிக்கு முன்னால் இருந்துகொண்டு அந்த மாலுமிக்கு எப்படி றிவேஸ் எடுப்பது, எந்தப் பக்கம் உடைத்துத் திருப்புவது என்று சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். நம் ஒழுங்கைக்குள் மதிலில் உரசாமல் லொறியைக் கொண்டுவந்த எனக்கு அந்தக் கப்பலைத் தந்திருந்தால் அஸர் தொழுகைக்கு முன் வெளியே எடுத்திருப்பேன் என்று பள்ளிவாசல் வாசலிலும் போய்ச் சொன்னார். நீ அதை மறக்காமல் மனசில் வைத்திருந்து கேட்டாயே, அதற்காகவே அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்ய வேண்டும்.

என் அக்காவின் மகன் பஸால் கல்முனையில் பயண முகவர் கடை வைத்திருப்பது தெரியும்தானே, உம்றாவுக்கு ஆட்களை அனுப்புகிறவன். அவனுக்கு உல்லாசக் கப்பல் புதுசு, ஆனாலும் நீ அனுப்பிய இரண்டு பயணத்தையும் கம்பியூட்டரில் திறந்து எங்களுக்குப் படம் காட்டினான். சுயஸ் கப்பலுக்கு டுபாயில் ஏறி, அரபு நாட்டைச் சுற்றிச் செங்கடலுக்குள் போய், கால்வாயால் ஏறி கிரேக்கத்தில் இறங்க வேண்டுமாம். பனாமாக் கப்பலுக்கு அமெரிக்க விசா வேண்டும், அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும், ஆனால் அங்கேதான் கதவு அடைத்துத் தண்ணி விட்டுக் கப்பலைப் படி ஏற்றுகிற மாதிரி ஏற்றுவார்களாம். சுயஸில் கதவே இல்லை சாச்சி, ஒரே மட்டத் தண்ணி என்று பஸால் சொன்னதும் வாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை சுயஸ் என்பார், மூஸா நபி கடந்த கடலைக் கண்ணால் பார்க்கலாம் என்பார். செவ்வாய்க்கிழமை பனாமா என்பார், கதவு திறக்கிறதைப் பார்க்காமல் கால்வாய் பார்த்து என்ன பலன் என்பார். செங்கடல் பக்கம் கப்பல்களுக்கு ஏவுகணை அடித்த செய்தியை ஸப்னா வாசித்துக் காட்ட நான் பயந்துபோய் பனாமா என்றேன், விசா அலைச்சலை நினைத்து மறுபடி சுயஸ் என்றேன். சண்டை கூடினால் கப்பலை ஆபிரிக்காவைச் சுற்றிக் கொண்டுபோவார்கள், நாள் கூடும் என்று பஸால் எச்சரித்தான். கூடட்டுமே என்று நான் சிரித்தேன். அவனுக்கு விளங்கவில்லை, உனக்கு இந்தக் கடிதம் முடிவதற்குள் விளங்கும்.

எவ்வளவு ஆயத்தம் என்று கேள். கப்பலில் ஹலால் சாப்பாடு தருவார்களா என்று கேட்டு, தராவிட்டால் என்ன செய்வது என்று மாசித்தூள் இடித்துப் போத்தலில் அடைத்தேன். மேல்தட்டில் நீச்சல் தடாகம், அங்கே ஆணும் பெண்ணும் அரைகுறையாய்க் கிடப்பார்கள் என்று ஸப்னா சொன்னதற்கு, வாப்பா தனக்குக் கண் தெரியாது என்று சொல்லித் தப்பப் பார்த்தார், அந்தக் கண்தான் ஒழுங்கை முனையில் வருகிற மீன்காரனின் பெட்டியில் கிடப்பது அறக்குளாவா சூரையா என்று இங்கிருந்தே சொல்கிறது. கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லா மாறுமே, எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது என்று மௌலவியிடம் கேட்டு வந்தார். இதற்கிடையில் ஸப்னாவின் மாப்பிள்ளை பின்வளவில் மதில் கட்டுகிறார், கல்லும் மணலும் எங்கள் அறை வாசலில், நடக்க இடமில்லை. ஸப்னாவின் மூத்தவளுக்குச் சின்னம்மை வந்து மாறியது. இந்த முறை மழை பிந்தி நெல் சரியில்லை என்று எல்லாரும் கதைக்கிறார்கள். நான் எதையும் காதில் போடவில்லை, என் காதில் கப்பல்தான்.

போன வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் கடவுச்சீட்டுக் கொப்பி கொடுக்க நான் தனியாகக் கல்முனைக்குப் போனேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. பஸால் நீ அனுப்பியதைத் திறந்து பெயர்களைச் சரிபார்த்தான். முகம்மது தம்பி என்று வாப்பாவின் பெயரை வாசித்தான், சுல்பிகா என்று என் பெயரை வாசித்தான், அதோடு நிறுத்திவிட்டான். மற்றப் பெயரையும் வாசி மகன் என்றேன். இரண்டு பேர்தான் சாச்சி, இரண்டு கட்டில் உள்ள அறை ஒன்று, றுமைஸ் காக்கா உங்கள் இரண்டு பேரையும்தானே அனுப்புகிறார் என்றான். நான் ஓம் ஓம், சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன், தெரிந்த ஒருவர் வந்து ஏன் மாமி ஏறவில்லை என்று கேட்டபிறகுதான் நினைவு வந்தது.

மகன், நீ போவம் என்றாய். போங்கள் என்று சொல்லவில்லை. நம் ஊரில் போவம் என்றால் சொல்கிறவனும் கூட வருகிறான் என்றுதான் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நீ வாய் தவறிச் சொன்னாயா, அங்கே இருந்து இருந்து உன் கதை மாறிவிட்டதா, எனக்குத் தெரியாது. நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் கப்பல் தெரிவுசெய்தேன். எனக்குக் கால்வாயும் ஒன்றுதான் வாய்க்காலும் ஒன்றுதான். எந்தக் கப்பல் மெதுவாகப் போகும், எது வரிசையில் காத்து நிற்கும், எதற்கு நாள் கூட எடுக்கும் என்று மட்டும்தான் பஸாலிடம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். வாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது, மகனும் நானும் மேல்தட்டில் நின்று கால்வாய் பார்க்கப் போகிறோம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. கோபம் என்று எழுதினால் எழுத்து நேராக இருக்கிறது, உண்மையில் எனக்கு அழுகைதான் வந்தது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஆம்பிளைப் பிள்ளை கல்யாணம் முடித்தால் பொம்பிளை வீட்டுக்குப் போய்விடுவான். உன் வாப்பாவும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தார், ஸப்னாவின் மாப்பிள்ளையும் வந்தார், அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ லண்டனிலிருந்து வந்தால் இறங்குவது நிந்தவூரில், பஹ்மிதாவின் வீட்டில். பஸ்ஸில் ஏறினால் காரைதீவு தாண்டியதும் வந்துவிடுகிற தூரம், ஆனாலும் இங்கே நீ விருந்தாளி. பகல் சாப்பாட்டுக்கு வருவாய், நான் விருந்தாளிக்கு எடுக்கிற பீங்கானில் உனக்குச் சோறு போடுவேன், அஸருக்கு அங்கிருந்து போன் வரும், நீ சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவாய். இருந்துவிட்டுப் போ என்று சொல்ல இப்போது எனக்கென்று வீடும் இல்லை, வீடு ஸப்னாவின் சீதனம், நாங்கள் பின்னறையில். பஹ்மிதா நல்ல பிள்ளை, என்னை உம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். குறை யாரிலும் இல்லை. ஆனால் உனக்குக் கல்யாணம் முடிந்த பிறகு நீ நித்திரையால் எழும்பி வருகிற முகத்தை நான் ஒரு காலையிலும் காணவில்லை. நினைத்துப் பார், ஒரு காலை. கப்பல் யாருக்கும் சீதனம் இல்லை மகன். அது நிந்தவூரும் இல்லை, சாய்ந்தமருதும் இல்லை. அங்கே நீ இராத்தங்கினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் ஆபிரிக்காவைச் சுற்றினாலும் நல்லது என்று சிரித்தேன்.

இனி நான் தெரிவுசெய்யப் போவதில்லை, நீயே செய். உன் வேலையில் எப்போது லீவு தருகிறார்களோ அந்த நாளில் வெளிக்கிடுகிற கப்பல் எதுவோ அதைப் போடு, கதவுள்ள கால்வாயோ கதவில்லாததோ, வாப்பாவை நான் சமாளிக்கிறேன். பஹ்மிதாவும் பிள்ளைகளும் வந்தால் எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அவளிடம் இதை மறைக்காதே, இந்தக் கடிதத்தையே கொடு, அவள் இரண்டு பிள்ளை பெற்றவள், விளங்கிக்கொள்வாள். இந்த மாசம் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று பஸால் சொன்னான், அதை மறந்துவிடாதே. காதை மூடித் தொப்பி போடு, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, சுபஹுத் தொழுகையை விடாதே.

உன் உழைப்பிலும் ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் தரட்டும், உன் பிள்ளைகள் உன் கண் குளிர வளரட்டும். வர வசதிப்படாவிட்டால் பரவாயில்லை மகன் என்று எழுதி முடிப்போம் என்றுதான் பேனையை எடுத்தேன், உம்மாமார் அப்படித்தானே எழுதுவார்கள். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் வெட்டிவிட்டேன். பரவாயில்லை என்று எழுத எனக்கு வரவில்லை.

வஸ்ஸலாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும் உம்மா,
சுல்பிகா