மழைக்கு முன் அகற்ற வேண்டிய வெள்ளைத்தூள்

அனுப்புநர்
பெரியநாயகி,
க/பெ. தணிகாசலம் (சாயத் தொழிலாளி),
மேட்டுச் சந்து, பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்,
காஞ்சிபுரம்.

பொருள்: சாயப்பட்டறைகளில் நிறம் இறக்கப் பயன்படும் ஹைட்ரோஸ் என்னும் வெள்ளைத்தூளை ‘சாதாரணச் சரக்கு’ என்று வகைப்படுத்தியது தவறு என்பது குறித்தும், எங்கள் சந்தில் ஒழுகும் வீட்டில் அடுக்கி வைத்துள்ள அத்தூளை மழை பிடிப்பதற்குள் அகற்ற வேண்டுவது குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவரிடம்தான் முதலில் போனேன். நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே பேனாவை மூடிவிட்டு, “இவ்ளோ கோவம் மனுவுக்கு ஆவாதுமா” என்றார். ஆகையால் எட்டாம் வகுப்பு வரை படித்த என் கையாலேயே எழுதுகிறேன். பணிவு குறைந்த இடங்களில் மன்னிக்க வேண்டும். கோபம் குறைந்த இடங்களில் நான் களைத்துப்போயிருந்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

1. என் கணவர் தணிகாசலம், எங்கள் சந்தின் கோடியில் இருக்கும் திரு. ராஜகோபால் அவர்களின் சாயப்பட்டறையில் பல ஆண்டுகளாகப் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி வருகிறார். நானும் அங்கேதான் நூல் பிழிந்து உலர்த்துகிறேன். வியாபாரி கேட்டது மாம்பழ நிறமாகவும் வந்தது வேறு மஞ்சளாகவும் இருந்தால், பட்டு நூலைத் தூக்கி எறிய முடியாது. ஏறிய நிறத்தை இறக்கிவிட்டு மறுபடி சாயம் போட வேண்டும். அப்படி இறக்குவதற்குத்தான் இந்த வெள்ளைத்தூள். அண்டா நிறைந்த தண்ணீரில் ஒரு கரண்டி போட்டால் போதும், நிறம் கழன்றுவிடும். கடையில் இதை ஹைட்ரோஸ் என்பார்கள். எங்கள் முதலாளி உப்பு என்பார். பார்த்தால் உப்பு மாதிரிதான் இருக்கும். கந்தக நெடி ஒன்றுதான் வித்தியாசம்.

2. அமிலம் வரும் சாடியில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கும். எழுத்துத் தெரியாதவர்கூட அதன் பக்கம் போகமாட்டார்கள். இந்தத் தூள் வரும் டின்னில் தாமரைப் பூ படம் போட்டிருக்கும். அதன் கீழே இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருக்கும். அது விலாசம் என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். காலி டின்களைக் கழுவி எங்கள் சந்தில் பாதி வீடுகளில் அரிசி கொட்டி வைத்திருக்கிறோம். தாமரைப் பூவைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

3. இந்த வருடம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போலப் பட்டறையைக் கழுவிக் கோலம் போட்டோம். அண்டா, நூலைப் புரட்டும் கழிக்கோல், தராசு, சாய டப்பா எல்லாவற்றிற்கும் பொட்டு வைத்தோம். பூஜையின்போது எந்தப் பாத்திரத்தையும் மூடி வைப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் வழக்கம். மூடியோடு பூஜை செய்தால் தொழிலும் மூடிக்கொள்ளும் என்பார்கள். ஆகவே அன்று புதிதாகப் பிரித்திருந்த ஹைட்ரோஸ் டின்னின் மூடியையும் எடுத்து வைத்தோம். முதலாளி கற்பூரம் காட்டினார். என் கணவர் மாவிலைக் கொத்தால் எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். டின்னுக்குள்ளும் தெளித்தார். “உள்ளயும் தெளிப்பா, அதுவும் நமக்குச் சோறு போடுதில்ல” என்று சொன்னவர் முதலாளிதான். நாங்கள் எல்லோரும் காதால் கேட்டோம்.

4. பொரி வாங்கித் தின்றுகொண்டிருக்கும்போது டின்னிலிருந்து புகை வந்தது. கற்பூரப் பொறி விழுந்துவிட்டது என்றே நினைத்தோம். புகை தடித்தது, மூக்கில் அமிலம் ஊற்றியது போல நெடி ஏறியது. என்னோடு நூல் பிழியும் அங்கம்மாள், “தண்ணி கொண்டாங்கபா, பத்திக்கினு எரியுது” என்று கத்திவிட்டு, இடுப்பில் இருந்த குடத்தை அப்படியே சாய்த்தாள். தீயைக் கண்டால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். குடத்துத் தண்ணீர் பட்டதும் டின் சீறிக்கொண்டு எரிந்தது. என் கணவர் கோணிச் சாக்கை நனைத்து மேலே போட்டார். அந்த ஈரத்திற்கும் எரிந்தது. உள்ளே நாங்கள் ஆறு பெண்கள் இருந்தோம். வாசலை ஒட்டித்தான் டின் இருந்தது. அவர் டின்னைக் காலாலும் கையாலும் தள்ளிச் சந்துக்குக் கொண்டுபோனார். அந்தப் புகை முழுவதையும் அவர்தான் குடித்தார். நாங்கள் வெளியே வந்தோம்.

5. அவர் இன்றைக்கும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார், படுத்தால் மூச்சு வருவதில்லை. என்ன எரிந்தது என்று டாக்டர் கேட்டபோது உப்பு என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. பெயரை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு எங்களுக்கு விளக்கினார். இந்தத் தூளை நிறையத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். ஆனால் குவியலாக இருக்கும் தூளின் மேல் கொஞ்சம் தண்ணீர் பட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதன் புகை நெஞ்சுக்குள் இருக்கும் ஈரத்தில் சேர்ந்து அமிலமாகிவிடும் என்றார். டின்னில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகள் ‘ஈரம் படாமல் வை’ என்பதாம். அதையும் அவர்தான் சொன்னார். என் கணவர் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “மஞ்சத் தண்ணிதானேமா தெளிச்சேன்... நான் இன்னா தப்பு பண்ணேன்?”  அதற்குப் பதில் தங்களிடம் இருக்குமா என்று கேட்கத்தான் இந்த மனு.

6. விபத்து நடந்த பின் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். ரசாயனச் சரக்குகளில் வெடிப்பவை, தீப்பற்றுபவை, விஷமானவை, அரிப்பவை என்று பல வகை உண்டு, ஒவ்வொன்றையும் எங்கே எப்படி வைக்க வேண்டும் என்று சட்டம் உண்டு என்று அவரே எங்களுக்கு எடுத்துச் சொன்னார். கேட்க நிம்மதியாக இருந்தது. இந்தத் தூளுக்கும் ஒரு பூட்டும் ஒரு தனியிடமும் கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தூளில் ஒரு பிடி எடுத்து எல்லோர் முன்னிலையிலும் அதில் போடச் செய்தார். கரைந்தது. “எங்கேம்மா எரியுது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முதலாளி சிரித்தார். சோடா உப்பு, சாப்பாட்டு உப்பு இவற்றோடு இதையும் சேர்த்துச் ‘சாதாரணச் சரக்கு’ என்று வகைப்படுத்திவிட்டார். தீப்பிடித்ததற்குக் காரணம் கற்பூர நெருப்பும் தொழிலாளியின் மூடப்பழக்கமும் என்று முடிவு சொல்லிவிட்டார்.

7. ஐயா, வாளித் தண்ணீரில் ஒரு பிடித் தூளைப் போடும் வேலையைத்தான் நாங்கள் தினமும் செய்கிறோம். அது எரியாது என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஏமாந்தோம். ஒரு டின் தூளின் மேல் ஒரு பிடித் தண்ணீரைத் தெளித்தல்லவா அவர் பார்த்திருக்க வேண்டும்? டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். டாக்டர் வைத்தியம் பார்க்கட்டும் என்றார்.

8. மூடப்பழக்கம் என்ற வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த அதிகாரி வந்து இறங்கிய ஜீப்பின் முகப்பில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. வாடிய மாலைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஜீப்புக்குத் தெளித்தால் பக்தி, டின்னுக்குத் தெளித்தால் மூடப்பழக்கமா? இந்த ஊரில் அன்றைக்குத் தண்ணீர் தெளிக்காத தறி உண்டா, தராசு உண்டா? தெளிக்கக் கூடாத பொருள் ஒன்று எங்கள் நடுவில் இருக்கிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் இருந்துவிட்டு, மூச்சு விட முடியாமல் கிடப்பவன் மேல் பழியைப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தெளிக்கச் சொன்ன முதலாளியின் பெயர் அந்த முடிவில் எங்குமே இல்லை.

9. இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். நடந்தது நடந்துவிட்டது. நடக்கப் போவதைத் தாங்கள் தடுக்க முடியும்.

பட்டறை எரிந்து கறுத்துவிட்டதால், மிச்சம் இருந்த பதினோரு டின்களையும் முதலாளி எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவில் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டுக்கு மாற்றிவிட்டார். தீபாவளி வேலை நிற்கக் கூடாதாம். சாதாரணச் சரக்கு என்று அதிகாரியே சொன்ன பிறகு அனுமதி எதற்கு, பூட்டு எதற்கு? கேட்கப் போன என்னிடம், “உப்பு வைக்க யார்னா லைசென்ஸ் வாங்கறானாமா?” என்றார். அந்த வீட்டுக்கு இடப்பக்கச் சுவர் அங்கம்மாள் வீட்டுச் சுவர். வலப்பக்கத்தில் குழந்தைகள் பள்ளி. கூரையைப் பற்றித் தாங்களே வந்து பார்த்தால் நல்லது. கோயில் குரங்குகள் அந்த வழியாகத்தான் போகும் வரும். இருந்த ஓட்டில் கால்வாசியைப் புரட்டிப் போட்டுவிட்டன. பகலில் உள்ளே டின்களின் மேல் வெயில் வட்டம் வட்டமாக விழுகிறது. வெயில் விழும் இடத்தில் மழை விழாதா? டின்களில் சில பிரித்தவை. மூடி சரியாக உட்காராதவை.

10. நாங்கள் சும்மா இருக்கவில்லை. அந்த வீட்டுக் கதவில் கரியால் ‘தண்ணீர் படக் கூடாது, தீப்பிடித்தால் மணல்’ என்று பெரிதாக எழுதினேன். வியாபாரிகள் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று முதலாளி ஆள் அனுப்பி அதன் மேல் சுண்ணாம்பு அடித்தார். சொட்டச் சொட்ட நனைந்த சுண்ணாம்பு மட்டையோடு அந்த ஆள் அந்தக் கதவில் நின்றபோது எங்கள் சந்தே வெளியே வந்து நின்றது. கூரையைப் பனையோலையால் மூடலாம் என்று ஏறப் போனோம். அத்துமீறி நுழைந்தீர்கள் என்று புகார் கொடுப்பேன் என்றார். ஆகவே வேகவதி ஆற்றிலிருந்து மணல் அள்ளி வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதில் வீடு கட்டி விளையாடுகின்றன. அங்கம்மாளுக்கு நான் மறுபடி மறுபடி சொல்லியிருக்கிறேன், அவளும் தலையாட்டுகிறாள். ஆனாலும் தீ என்று ஒரு குரல் கேட்டால் அவள் கை குடத்தைத்தான் தேடும். என் கையும் அப்படித்தான். பிறந்தது முதல் பழகின கை, ஒரு வாரத்தில் மாறாது.

11. ஆகவே நான் கேட்பது இதுதான். ரசாயனம் தெரிந்த ஒருவரை அனுப்பி, இந்தத் தூளைச் சோதிக்க வேண்டிய முறையில் சோதித்து, ஈரம் பட்டால் எரிவது என்று வகை மாற்றி அறிவிக்க வேண்டும். டின்னின் மேல் தாமரை இருக்கட்டும். பக்கத்திலேயே பெரிய தமிழ் எழுத்தில் ‘தண்ணீர் தெளிக்காதே’ என்று எழுதச் சொல்ல வேண்டும். என் கணவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த மூடப்பழக்கம் என்ற வார்த்தையை நீக்க வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் காகிதம் நகர நாளாகும் என்று எனக்குத் தெரியும். காத்திருக்கிறேன். ஆனால் பதினோரு டின்களும் காத்திருக்காது. அவற்றை இன்றே அந்த வீட்டிலிருந்து எடுக்க ஓர் உத்தரவு போதும்.

வகை மாற்ற முடியாது, அது உப்புதான் என்று தாங்களும் கருதினால், ஒரு டின்னைத் தங்கள் அலுவலகத்தில் ஒழுகும் அறை ஏதாவது இருந்தால் அங்கே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் வைக்கலாம் என்றால் எங்கேயும் வைக்கலாம் என்ற எண்ணத்தில் சொல்கிறேன்.

12. கடைசியாக ஒன்று. நான் பிறந்தது தென்னேரியில். ஏரி நிரம்பினால்தான் எங்கள் அண்ணன் வீட்டில் நடவு. நடவு இருந்தால்தான் பொங்கலுக்குப் புது அரிசி. ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். போன வருடம் ஏரியில் பாதிதான் தண்ணீர். இந்த வருடமாவது பெய்ய வேண்டும் என்று அண்ணன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியிருக்கிறார். நானோ தினமும் விளக்கேற்றி, மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். தென்னேரியில் பிறந்து மழை வேண்டாம் என்று கும்பிட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன். என் அண்ணன் பிள்ளைகளின் சோற்றுக்கு எதிராக என்னைக் கும்பிட வைத்திருக்கிறீர்கள். அந்தப் பாவத்தையாவது தாங்கள் என் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. எங்கள் சந்தில் கொடியில் போட்ட நூலை யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் அந்த ஓட்டு வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 28-10-1972

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து வீட்டு வாசலில் நிற்கும்,
(ஒப்பம்) த. பெரியநாயகி

உடன் கைநாட்டு வைப்பவர்: அங்கம்மாள், அதே சந்து.