தூண் படுக்கமாட்டான்

மார்ச் 4

தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் தொம்மென்று சத்தம். திரும்பினால் தூண் முன்னங்கால்கள் மடிந்து முட்டிபோட்டுக் கிடக்கிறான். அடுத்த நொடியே எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி சுவரைப் பார்க்கிறான். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. முட்டியில் பழைய காய்ப்பின் மேல் புதுச் சிராய்ப்பு.

செங்கல் சூளையில் ஒன்பது வருடம் வண்டி இழுத்த குதிரை. எங்கள் கொட்டகைக்கு வந்து பதினெட்டு நாள். எப்போது பார்த்தாலும் நின்றுகொண்டே இருக்கிறான் என்று நான்தான் தூண் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த நேரம், சாய்கிறது.

மார்ச் 5

டாக்டர் வந்து பார்த்தார். வலிப்பு என்றார்.

"ஒருநாள் யார் மேலயாவது விழும். கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு அனுப்பிடறது நல்லது."

அண்ணி கட்டுப்போட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். போன வாரம் அவன் சாய்ந்தபோது கதவுக்கும் அவனுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கை அது. இந்த நிலம் அண்ணியுடையது. அண்ணன் போன பிறகு, உழைத்துத் தேய்ந்த குதிரைகளுக்கென்று இதைத் திறந்துவிட்டவளும் அவள்தான். அதனால் அவளைக் கெட்டவள் என்று எழுத முடியவில்லை. எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

இருபத்தெட்டாம் தேதி ஊசி. கல்யாணத்துக்குக் குறிப்பது போல நாள் குறித்துவிட்டார்கள்.

மார்ச் 6

வலிப்பு இல்லை. இல்லவே இல்லை.

இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தேன். வலிப்பையும் பார்த்திருக்கிறேன், தூங்கி விழுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. மருந்துத் தட்டோடு நின்றபடியே தூங்கி, தலைமை நர்ஸ் காலடியில் போய் விழுந்தவள் நான். வலிப்பு வந்தவன் எழுந்ததும் "நான் எங்க இருக்கேன்" என்பான். தூங்கி விழுந்தவன் "நான் தூங்கலையே" என்பான். விழுந்து எழுந்ததும் தூண் சுவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது சாட்சாத் இரண்டாவது.

அண்ணியிடம் சொன்னேன். "டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள். தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எத்தனை வருடப் பழக்கம்.

மார்ச் 9

சூளைக்காரருக்குப் போன் செய்தேன்.

"படுக்கவே படுக்காதும்மா. ஒன்பது வருஷத்துல ஒருநாள் படுத்துப் பார்த்ததில்ல. அவ்வளவு நல்ல குதிரை."

கூட வேறு குதிரை இருந்ததா என்று கேட்டேன். "எதுக்கு? அது ஒண்ணுதான். கயித்துல கட்டிப்போட்டா அதுபாட்டுக்கு நிக்கும்."

நல்ல குதிரையாம். குதிரை நின்றபடியே கண் அசரும்தான், ஆனால் ஆழ்ந்து தூங்க அதுவும் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். போனை வைத்த பிறகு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். வைத்த பிறகுதான்.

ஆனால் இங்கே கயிறு இல்லையே. தரையெல்லாம் மெத்தென்று வைக்கோல் போட்டிருக்கிறேனே. ஏன் படுக்கமாட்டேன் என்கிறான்?

மார்ச் 11

மேய்ச்சல் வெளியில் மற்ற ஐந்து குதிரைகளையும் காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் நான்கு படுத்திருந்தன. மாமியார் மட்டும் நின்றாள். (மந்தைக்குத் தலைவி. அவள் சொல்லாமல் ஒருவர் வாயிலும் ஒரு புல் இறங்காது. அதனால் அந்தப் பெயர்.) பத்து மணிக்கு வெள்ளைக்காலன் எழுந்து நின்றான். அதற்குப் பிறகுதான் மாமியார் படுத்தாள். எப்போதும் ஒன்று நிற்கிறது. எங்கள் வார்டு மாதிரியேதான், ஒருத்தி விழித்திருந்தால்தான் இன்னொருத்தி கண்ணை மூடலாம்.

தூணுக்காக யார் விழித்திருந்தார்கள்? சூளையில் ஒருவரும் இல்லை. இங்கே? புதுசு, பாவம், மற்றவைகளிடம் அடிவாங்கும் என்று தனி அறை, தனித் தீவனம் கொடுத்தது யார்? நான். பாவம் பார்க்கிறேன் பேர்வழி என்று அவனை மறுபடி தனியாகப் பூட்டியவள் நான்.

மார்ச் 12

நானே காவல் இருந்தேன். அவன் அறையில், காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை. "படுடா, நான் பாத்துக்கறேன்" என்றேன். படுக்கவில்லை.

என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள், இவன் கேட்க? அழுகை வந்துவிட்டது. மனுஷங்களுக்கு முதுகு தேய உழைச்சவன், மனுஷியை நம்பித் தூங்குன்னா எப்படித் தூங்குவான்?

மார்ச் 13

மந்தையோடு சேரட்டும் என்று தூணின் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 14

மாமியார் கடித்துவிட்டாள். தூணின் தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருக்கிறது.

"கொல்றதுன்னே முடிவு பண்ணிட்டியா? ஊசின்னா வலியாவது இருக்காது" என்றாள் அண்ணி.

"வலிக்கட்டும் அண்ணி. கடிக்கிறதும் பேச்சுதான். ஒன்பது வருஷமா அவன்கிட்ட எந்தக் குதிரையும் பேசல."

"அதை உள்ள கொண்டு போய் அடை."

"மாட்டேன்."

இந்த வீட்டில் நான் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மாட்டேன்தான். சாப்பிடும்போது தட்டுகள்தான் பேசிக்கொண்டன.

மார்ச் 17

வேலிக் கம்பங்களை எண்ணுகிறேன். மந்தைக்கும் அவனுக்கும் நடுவே பதினொரு கம்பம்.

மார்ச் 20

எட்டு. ஆனால் இன்று மறுபடி விழுந்தான். அண்ணி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 24

நான்கு. மாமியார் காதை மடக்கினாள், கடிக்கவில்லை. வெள்ளைக்காலன் கிட்டே வந்து அவன் கழுத்தைப் பல்லால் சொறிந்துவிட்டான். தையற்காரரிடம் அளவு கொடுப்பவர் மாதிரி தூண் விறைப்பாக நின்றான். நகரவில்லை. அது போதும் இன்றைக்கு.

மார்ச் 27

இரண்டு கம்பம். இன்னும் படுக்கவில்லை. நாளைக்கு டாக்டர்.

வரட்டும். வண்டிக்குக் குறுக்கே படுத்துக்கொள்வேன். குதிரை படுக்காவிட்டால் நான் படுக்கிறேன்.

மார்ச் 28

காலை ஒன்பது மணி இருக்கும். மந்தை படுத்திருந்தது. மாமியார் காவல். தூண் பத்தடி தள்ளி நின்று தலையைத் தொங்கப்போட்டான். முட்டி ஆடியது. விழுந்தான்.

எப்போதும் போல உடனே எழுந்துவிட்டான். ஆனால் மாமியார் அவனை நோக்கி நடந்தாள். கடிக்கத்தான் போகிறாள் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கடிக்கவில்லை. அவன் பக்கத்தில் போய் நின்று, வேலிக்கு வெளியே பார்த்தாள். அவ்வளவுதான். தூண் அவளைப் பார்த்தான். தரையை முகர்ந்தான். ஒரு சுற்று சுற்றினான். பிறகு முன்னங்காலை மடித்து, தானாக, மெதுவாகப் படுத்தான். பக்கவாட்டில் சரிந்து நான்கு காலையும் நீட்டிவிட்டான்.

போய்விட்டான் என்றே நினைத்தேன். அப்புறம்தான் கேட்டது, குறட்டை.

அண்ணி எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியாது. டாக்டர் வண்டி வந்து நின்றதும் தெரியாது. அவர் பையோடு வந்து, "போயிடுச்சா?" என்றார்.

அண்ணி உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா பேசுங்க டாக்டர். இப்பதான் தூங்கறான்."

நாங்கள் மூன்று பேரும் முக்கால் மணி நேரம் வேலியோரம் நின்றோம். தூக்கத்தில் அவன் கால் ஓடியது. எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, புல் மேயப் போனான்.

"வலிப்புன்னா இப்படி எழுந்து மேயாது" என்றார் டாக்டர், அவரே கண்டுபிடித்த மாதிரி.

"அதைத்தான் ஆறாம் தேதியே சொன்னேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

முட்டிக்குக் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 15

அண்ணிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. காலையில் தீவன வாளியோடு போனேன். வெயிலில் ஐந்து குதிரைகளும் படுத்திருந்தன, மாமியாரும்தான். நடுவில் தூண் நின்றுகொண்டிருந்தான், காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியபடி. நான் வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.