ஒன்றாம் நம்பரில் இல்லாத தம்பி

தம்பானூர்,
திருவனந்தபுரம்

அன்பு மகள் ஜெஸிக்கு அம்மா எழுதுவது. சுகம் என்று சொல்லித்தான் கடிதம் தொடங்க வேண்டும், ஆகவே இங்கே நானும் அப்பாவும் சுகம். மும்பையில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும். போனில் பேசினால் நான் அழுவேன், நீ உடனே மீட்டிங் என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கதை எழுதி அனுப்பிய நீலகேது காமிக்ஸ், புது ஒன்றாம் நம்பர் இதழ், போன வாரம் வந்தது. நாற்பது வருஷத்துக் கதையை யார் முதலிலிருந்து படிப்பார்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கினால்தான் புதுப் பிள்ளைகள் வாங்குவார்கள் என்று நீ சொன்னாய், நியாயம்தான், கீழ் வீட்டு சிஜிகூட இப்போதுதான் தலையும் வாலும் புரிகிறது என்றாள். ஆனால் நான் தேடியது நீலகேதுவின் தம்பியை. உன் தம்பி விஜினை விழிஞ்ஞம் பாறையிலிருந்து அலை கொண்டுபோன மறுவருஷம் நீதானே எழுதினாய், ஆகாயத்தில் பறக்கிறவன் ஒரு நிமிஷம் பிந்தி வந்து, தம்பியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நிற்கிறதாக. அந்தப் புத்தகத்தை நான் பைபிளோடு அல்லவா வைத்திருக்கிறேன். புதுக் கதையில் தம்பியைப் பிழைக்க வைத்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன், நீயோ அவன் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டாய். நீலகேது ஒற்றைப் பிள்ளையாகச் சிரித்துக்கொண்டு பறக்கிறான். எனக்குக் கோபம் வந்தது மகளே.

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கடல் சத்தம் கேட்காத வீடு வேண்டும் என்று இங்கே குடிவந்தோமே, புதுச் சபையில் குடும்பப் பதிவேடு எழுதும்போது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள், அப்பா ஒன்று என்றார், இனி யாரும் விசாரித்து நோகடிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார், நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். போன மாதம் மரித்தோர் நினைவு ஆராதனை. உனக்குத் தெரியுமே, பதிவேட்டிலிருந்து இறந்தவர்களை ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை உட்கார்ந்தே இருந்தோம். பக்கத்திலிருந்த ஜெயஷீலா, "ஒங்க வீட்ல ஆரும் இல்லியா? பாக்கியம் செஞ்சவங்க" என்றாள். "ஆரும் இல்ல" என்றேன். என் வாயால் சொன்னேன்.

உன் புத்தகத்தைப் பார்த்த பிறகு பொறுக்க முடியாமல், நேற்று தனியாகப் போய்ப் பதிவேட்டில் விஜின் பெயரை எழுத வைத்தேன். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. நீ பழைய கதை முழுவதையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம், ஏதாவது ஒரு பக்கத்தில் அந்தச் செருப்பை மட்டும் வரையச் சொல். புதிதாகப் படிக்கிறவர்கள் யாருடையது என்று கேட்கட்டும். கேட்டால் நீ சொல்லு.

கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், போக்கையும் வரத்தையும் காக்கட்டும். தலைவலிக்குக் கண்ட மாத்திரையையும் விழுங்காதே. அடுத்த வருஷம் அந்த ஆராதனைக்கு இப்போதே லீவு சொல்லிவை, பெயரை வாசிக்கும்போது தனி ஒருத்தியாக எழுந்து நிற்க என்னால் முடியாது.

விஜினுக்கும் ஜெஸிக்கும் அம்மா,
ரத்னாபாய்