ஊசி முப்பதைத் தாண்டக் கூடாது

12 ஏப்ரல் 1934, வியாழன்

என் வண்டியில் வர இன்றைக்கும் முடியாது என்று சொல்லிவிட்டாள் என் பெண்டாட்டி. அவள் தம்பி அல்போன்ஸின் கல்யாணத்துக்கு மதுராந்தகம் போவது நிச்சயம். ஆனால் ரயிலில்தான்.

"நீங்க உங்க பூதத்துல வாங்க. நான் ரயில்ல போறேன். கோயில் வாசல்ல பாத்துக்கலாம்" என்கிறாள் இருதயமேரி.

கூடப் பிறந்தவன் கல்யாணத்துக்குப் பெண்டாட்டி ஒரு வழி, புருஷன் ஒரு வழி! கோபத்தில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். கொஞ்ச நேரத்தில் பசித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

13 ஏப்ரல்

நியாயமாகப் பார்த்தால் அவள் மேல் தப்பில்லை. இந்த லாரி பட்டாளத்துக்காகச் செய்தது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்து, கொஞ்ச காலம் இங்கே ஓடி, ஏலத்தில் என் கைக்கு வந்தது. மணல், சேறு, வரப்பு, எதில் விட்டாலும் ஏறும். நோணாங்குப்பத்துக்கு அப்பால் சவுக்குத் தோப்பிலிருந்து உப்பளத்தில் இருக்கிற என் விறகு மண்டிக்கு மூன்று வருஷமாகப் பாரம் இழுத்திருக்கிறது. மாடு மண்டி போட்ட மணலில்கூட இது நின்றதில்லை.

ஆனால் நல்ல ரோட்டில் விட்டால் போச்சு. முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கே உயிர் போகிற அலறல். பாஸ்குப் பண்டிகைக்கு மறுநாள் இவளை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போனேன். நான் ஒன்று சொல்ல, அவள் "என்னா?" என்க, அவள் ஒன்று சொல்ல, நான் "என்னா?" என்க, போகவர இதே கூத்து. வீட்டுக்கு வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவள்தான். சாயங்காலம் எழுந்து சொன்னாள்:

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க பேசி நான் கேக்காத ஒரே நாளு இன்னிக்குத்தான். அந்த மட்டும் உங்க வண்டி நல்ல வண்டி."

குத்தலைப் பார்! நான் அவ்வளவா பேசறேன்?

14 ஏப்ரல்

மனசைத் திறந்து எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். என் வண்டியில், என் பக்கத்து இடத்தில், அவள் உட்கார்ந்து வர வேண்டும். வீம்புக்கு இல்லை, ஆசைக்கு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவள் ஆள் தள்ளுகிற புஷ்வண்டியில் தனியாக, நான் லாரியில் விறகோடு. இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது போன மாதிரியே இல்லை.

15 ஏப்ரல், ஞாயிறு

பூசை முடிந்த கையோடு முதலியார்பேட்டைக்குப் போய்த் தெய்வசிகாமணியைப் பார்த்தேன். மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். என்னை விடப் பெரிய வாயாடி, ஆனால் கை சுத்தம். பிரெஞ்சுக்காரன் மாதிரி எல்லாரையும் 'மிசே' என்றுதான் கூப்பிடுவார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "கோளாறு ஒண்ணும் இல்ல மிசே. பின் அச்சுல இருக்கிற பல்சக்கரம் அப்படி. என்ஜின் ஆறு சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். மணல்ல இழுக்க அது வேணும். ரோட்டுல எதுக்கு? அதான் கத்துது, பாவம்."

"மாத்த முடியுமா?"

"இதே கம்பெனி செஞ்ச சவாரி காருங்களுக்கு நாலரை சுத்துதான். அந்தப் பல்சக்கரம் கெடைச்சா மாட்டிடலாம். ஆனா இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மணல்ல இழுக்காது. எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

தோப்பு வெட்டி முடிந்துவிட்டது. புதுத் தோப்பு விறகெல்லாம் உப்பங்கழி வழியாகப் படகில் வருகிறது. மணல் இனி எனக்கு எதற்கு? மாத்துங்க என்று சொல்லிவிட்டேன்.

17 ஏப்ரல்

பல்சக்கரம் கிடைத்தது! உப்பளத்திலேயே, என் மண்டிக்கு நாலு வீடு தள்ளி. சக்கரபாணியின் சவாரி கார், அதே கம்பெனி செய்தது, புளியமரத்தில் மோதி, மூக்கு நசுங்கிக் கொட்டகையில் கிடக்கிறது. முன்பக்கம்தான் போச்சு, பின் அச்சு முழுசாக இருக்கிறது. அச்சுக்கு விலையாக அவர் வீட்டு வளைகாப்புக்கு அடுப்பெரிக்க ஒரு வண்டி சவுக்கு கேட்டார், சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை. பின் சீட்டில் கோழி அடைகாக்கிறதாம், அதைக் கலைக்கக் கூடாதாம்.

19 ஏப்ரல்

கோழி தெய்வசிகாமணியைக் கொத்திவிட்டது. அச்சு பத்திரமாகக் கழன்றது.

23 ஏப்ரல்

பட்டறைக்குப் போனேன். வண்டியின் பின்பாகம் முழுக்கப் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். "ஏன் பறக்கிறீங்க, கல்யாணம் உங்களுக்கா?" என்கிறார். மே ஒன்பது கல்யாணம். பறக்காமல் என்ன செய்வது?

28 ஏப்ரல், சனி

மாதாவே, இந்த மானக்கேட்டை எப்படி எழுதுவேன்.

வண்டி தயார் என்று ஆள் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தெருவில் கொஞ்சம் கூட்டம். நான் ஓட்டுகிறேன் என்று பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். முதல் கியர் போட்டுக் காலை எடுத்தேன். வண்டி பின்னால் போனது! போய், எதிர்வீட்டு வைக்கோல் போரில் பாதி நுழைந்து நின்றது. நான்தான் கியரைத் தப்பாகப் போட்டேன் போல என்று இரண்டாவது போட்டேன். இன்னும் வேகமாக உள்ளே போனது. மூன்றாவதும் அப்படியே. பின் கியர் போட்டால் மட்டும் முன்னால் வருகிறது, நத்தை மாதிரி.

தெய்வசிகாமணி தலையில் கை வைத்தார். "பல்சக்கரம் எடம் மாறி உக்காந்துக்கிச்சு மிசே. வலப்பக்கம் வர வேண்டியது எடப்பக்கம் மாட்டிட்டேன். அந்தக் கார்ல இருந்த பக்கமே இதுலயும்னு நெனச்சுட்டேன்."

"யோவ்!" என்று கத்தினேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எனக்கே வார்த்தை வரவில்லை!

அவரோ உடனே தேறிவிட்டார். "ஒண்ணு சொல்லட்டுமா? மூணு கியர்ல பின்னால போற வண்டி சீமையிலயே கெடையாது." முதலியார்பேட்டை முழுக்கச் சிரித்தது. தலையில் வைக்கோலோடு நடந்தே வீடு வந்தேன். தடுக்கி விழுந்தேன் என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

29 ஏப்ரல், ஞாயிறு

மீன்காரத் தனக்கொடி காலையிலேயே வந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். இருதயமேரி எதையும் காட்டிக்கொள்ளாமல் என்னோடு கோயிலுக்கு வந்தாள். சாமியார் பிரசங்கத்தில், வைத்த காலைப் பின்வாங்காத விசுவாசம் வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு குலுங்குகிறாள். பக்கத்திலிருந்த அம்மாள் இவள் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுக்கிறாள்!

வெளியே வந்ததும் கேட்டாள். "நெஜமாவே மூணு கியரும் பின்னாலதான் போவுதா?"

"ஆமா."

"சத்தியமா?"

"ஆமாங்கிறேன்ல!"

கோயில் படியில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முதலில் எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"எனக்கு அதப் பாக்கணும்" என்றாள்.

புஷ்வண்டி வைத்துக்கொண்டு நேரே முதலியார்பேட்டை போனோம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். நான் கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள்! "எங்க, ஓட்டுங்க பாப்போம்." கழுத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டாம் கியரில் தெருக்கோடி வரைக்கும் பின்னாலேயே ஓட்டினேன். தெய்வசிகாமணி முன்னால் ஓடி ஓடி ஆட்களை விலக்கினார்.

பாதி வழியில் அவள் "பாத்து, பாத்து, நாயி" என்றாள்.

எனக்குக் கேட்டது. அவள் சாதாரணமாகச் சொன்னது எனக்குச் சாதாரணமாகக் கேட்டது! இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் அது உறைத்தது. வண்டியை நிறுத்தினேன். என்ஜின் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

"கத்தலையே" என்றாள்.

"கத்தலை."

என் பக்கம் திரும்பினாள். "முன்னால போவ வைங்க. கல்யாணத்துக்கு இதுலயே வரேன். ஆனா அன்னிக்கு வில்லியனூர் ரோட்டுல ஓட்டின மாதிரி ஓட்டக் கூடாது. அந்த வேகம் காட்டுற ஊசி முப்பதத் தாண்டக் கூடாது. தாண்டிச்சுன்னா எறங்கி நடந்துடுவேன்."

முப்பது என்றால் முப்பது! பத்து என்றாலும் சரி என்றிருப்பேன்.

3 மே, வியாழன்

பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் போட்டாயிற்று. முதல் கியர் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். முன்னால் போனது.

தனியாக வில்லியனூர் ரோட்டில் விட்டேன். என்னத்தைச் சொல்ல! அலறல் இருந்த இடத்தில் ஒரு சின்ன ரீங்காரம், அவ்வளவுதான். புளியமரத்துக் குருவிச் சத்தம் காதில் விழுகிறது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் இருமியது விழுகிறது. கால் மிதி மேல் சும்மா கிடக்கிறது, வண்டி அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று வருஷம் இதை ஓட்டியிருக்கிறேன், இன்றைக்குத்தான் இதில் உட்கார்ந்து போனேன். வாய்விட்டுப் பாடினேன். என் குரல் இவ்வளவு மோசம் என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

4 மே

ஒரு சிக்கல்.

ஊசி முப்பதில் நிற்கிறது. ஆனால் கிலோமீட்டர் கல்லெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் வருகிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். வண்டி போகிற வேகம் நாற்பது!

தெய்வசிகாமணி அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஊசிக்குப் போற கம்பி கியர் பெட்டிலேர்ந்து வருது மிசே. பின்னால அச்சு மாறினது அதுக்கு எப்படித் தெரியும்? பழைய கணக்கையே சொல்லிக்கிட்டிருக்கு."

இவளிடம் சொல்வதா? சொன்னால் ஊசியை இருபத்திரண்டில் வைக்கச் சொல்வாள். ரோட்டில் நாயெல்லாம் முந்திக்கொண்டு போகும். சொல்லாவிட்டால்? அவள் கேட்டது ஊசி. ஊசி முப்பதைத் தாண்டாது. என் வாக்கு சுத்தம். இது சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விஷயமா என்ன?

5 மே

சொல்ல வேண்டிய விஷயம்தானோ?

6 மே, ஞாயிறு

சும்மா ஆசைக்கு நோணாங்குப்பம் மணலில் இறக்கிப் பார்த்தேன். புதைந்துவிட்டது. இரண்டு எருமை கட்டி இழுத்தார்கள். தெய்வசிகாமணி சொன்னது சரி.

8 மே, செவ்வாய். மதுராந்தகம்

கல்யாண வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை கல்யாணம். வீடு முழுக்க இரைச்சல். ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். பட்டுப் புடவை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரெஞ்சு எல்லை முடிகிற கோரிமேட்டில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி. சேவகன் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு "வேற இன்னா இருக்குது?" என்றான். "என் வூட்டுக்காரரு இருக்காரு. அவருக்கு வரி உண்டா?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினான்.

திண்டிவனம் வரைக்கும் அவள் கண் ஊசியை விட்டு நகரவே இல்லை. நானும் முப்பதிலேயே பிடித்து வந்தேன். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. அல்போன்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது கிணற்றில் விழுந்தது, எங்கள் கல்யாணத்தன்று நான் மோதிரத்தைக் கீழே போட்டதும் அவள் மனசுக்குள் "அய்யோ, இந்த ஆளா" என்று நினைத்தது. பன்னிரண்டு வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை! நான் குறுக்கே பேசவில்லை. எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அதிசயம் இது: நான் சும்மா இருந்தேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அச்சரப்பாக்கம் நெருங்கும்போது ரயில் பாதை ரோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. பின்னாலிருந்து ஊதல் சத்தம். பாசஞ்சர் வண்டி. அவள் போகிறேன் என்று சொன்ன அதே ரயில். எங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. ஜன்னலில் இருந்த குழந்தைகள் எல்லாம் கை ஆட்டின. இவளும் ஆட்டினாள். ரயில் முந்தவில்லை, நாங்களும் பின்தங்கவில்லை, ஒன்றாகவே போகிறோம்.

ஆட்டின கை நின்றது. ரயிலைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். முப்பது. மறுபடியும் ரயிலைப் பார்த்தாள்.

"ஏங்க."

"ம்."

"ரயிலு முப்பதுலயா போவுது?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. கம்பி, கியர் பெட்டி, பழைய கணக்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். "ஊசிய நான் தாண்ட வுடல. ஊசிதான் பொய் சொல்லுது. எறங்கணும்னா நிறுத்தறேன், மேரி" என்றேன்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ரயில் ஒரு ஊது ஊதிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போக ஆரம்பித்தது. குழந்தைகள் இருந்த ஜன்னல் கடந்தது. அடுத்த பெட்டி கடந்தது. கடைசிப் பெட்டியில் கார்டு எங்களைப் பார்த்து, வரட்டுமா என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

"அந்த ஆளப் பாருங்க, எகத்தாளத்த!" என்றாள். மூட்டையைக் காலுக்குக் கீழே வைத்து, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "உங்க பொய் ஊசி நாப்பது வரைக்கும் போவுமா?"

"போவும்."

"அப்பறம் என்னா பாத்துக்கிட்டிருக்கீங்க? முந்துங்க!"

காலை அழுத்தினேன். வண்டி கத்தவில்லை, திமிறவில்லை, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு போனது. கார்டைக் கடந்தோம். குழந்தைகளைக் கடந்தோம், அவை கூச்சல் போட்டன. என்ஜினை எட்டியபோது இவள் பாதி எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினாள். கரி முகத்து டிரைவர் சலாம் வைத்தான். அச்சரப்பாக்கம் ஸ்டேஷனில் அது நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

மதுராந்தகம் ஏரிக்கரை இறங்கி ஊருக்குள் நுழைந்தால், எதிரே அல்போன்ஸ். ரயிலில் வருகிற சொந்தக்காரர்களை அழைத்துப் போக மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருக்கிறான். எங்களைப் பார்த்ததும் பதறிப் போனான்.

"அய்யோ அக்கா! ரயிலு அதுக்குள்ள வந்துடுச்சா?"

முகமெல்லாம் புழுதி, தலையெல்லாம் கலைந்து, என் பக்கத்து இடத்தில் மகாராணியாக உட்கார்ந்துகொண்டு இவள் சொன்னாள்:

"இல்லடா. பின்னால வருது."