அமல் வர்றாங்க

12 செப்டம்பர் 2006, பிஸ்கட்டவே, அமெரிக்கா

அபார்ட்மென்ட்டில் எங்கள் மாடியில் இருக்கும் மூன்று வீட்டுக்கும் ஒரே இன்டர்நெட். ரவுட்டர் எங்கள் ஹாலில். பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்துவிட்டதால் இன்று மேக் அட்ரஸ் பூட்டு போட்டேன். ஒவ்வொரு லேப்டாப்பின் வயர்லெஸ் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணை நான் பதிந்தால்தான் அது உள்ளே வரும்.

எதிர்வீட்டு சுஃபியான் தன் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, ஸ்டிக்கரைப் பார்த்து வாசித்தார். "இனிமே நீங்கதான் இங்க வாட்ச்மேன்" என்றார். சிரித்துக்கொண்டே எண்ணைப் பதிந்தேன்.

அவர் போனதும் என் ரூம்மேட் அஞ்சனா: "சிக்னல் ஃபுல்லா இருக்குடி கண்மணி. நீதான் கனெக்ட் பண்ண மாட்டேங்குற."

20 நவம்பர்

பெருநாளுக்கு ஊருக்குப் போன சுஃபியான் திரும்பிவிட்டார். கீழக்கரைத் தொதல் அல்வா கொண்டுவந்தார். எனக்கு மட்டும் தனி டப்பா.

எனக்கு மட்டும்.

14 ஜனவரி 2007

எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

இன்று கீழே லாண்டரியில் சுஃபியான் என்னைப் பார்த்தார். "அடுத்த மாசம் அமல் வர்றாங்க. அவங்க லேப்டாப்பையும் ஆட் பண்ணணும்."

யாரோ ஆபீஸ் சீனியர் போலிருக்கிறது. திண்டுக்கல்லில் என்னோடு படித்த அமல்ராஜை நாங்கள் அமல் என்றுதான் கூப்பிடுவோம். வரப்போகும் இந்த அமல் சார் வந்து தங்கிவிட்டால் இவரைத் தனியாகப் பார்க்கவே முடியாது. அதற்குள் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

10 பிப்ரவரி

இன்று சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்தார். பின்னால், அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்.

"அமல், இவங்கதான் கண்மணி."

நான் நின்றதைப் பார்த்து அவருக்கே குழப்பம். "பெருநாளுக்குப் போனப்பதான் நிக்காஹ். நான் சொன்னேன்ல, அமல் வர்றாங்கன்னு?"

சொன்னார். வர்றாங்க. ஆணா பெண்ணா என்று காட்டாத அந்த 'ங்க'. மரியாதைக்குச் சொல்லியிருக்காரு. நான் என்னத்தக் கேட்டேன்? என்னையும்தான் வாங்க போங்கன்னாரு — அதுல என்னத்தடி கண்டே?

அமலின் ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணைப் பதிந்தேன். வாழ்த்துகள் என்றும் சொன்னேன்.

11 பிப்ரவரி

ஆபீஸ் போகவில்லை. அஞ்சனா ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

15 பிப்ரவரி

அமல் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "நெட் கிடைக்கவே இல்லக்கா. உம்மா முகத்தப் பாத்து அஞ்சு நாளாச்சு. உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னு அவங்க சொன்னாங்க."

பார்த்தேன். ஸ்டிக்கரில் B. நான் அடித்திருந்தது 8. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். யாருக்கும் வரும் தப்பு.

யாருக்கும் வருமா? இதுவரை எனக்கு வந்ததில்லையே.

திருத்தினேன். என் சோபாவிலேயே உட்கார்ந்து அவள் அம்மாவிடம் பேசினாள். "சாப்பிட்டேன்மா" என்றாள். சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

28 ஏப்ரல்

கலிஃபோர்னியா பிராஜெக்ட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளை காலை விமானம். லிவர்மோரில் ஜாகை.

ரவுட்டரைப் பார்த்துக்கொள்ள அஞ்சனாவுக்குப் பொறுமை இல்லை. அமலுக்குக் கற்றுக்கொடுத்தேன். வேலை பார்க்க முடியாத விசா, பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"வீட்ட காலி பண்ணிட்டுப் போனவங்க நம்பர என்னக்கா செய்யிறது?"

"எடுத்துடணும்."

"அப்ப உங்களது?"

"அதையே எடுத்துப் பழகிக்க."

அவளுக்கு மனசு வரவில்லை. "நீங்க போனதுக்கப்புறம் எடுக்கிறேன்க்கா."

"இப்பவே எடும்மா. சரியா செய்யறியான்னு நான் பாக்கணும்ல."

எடுத்தாள். என் லேப்டாப்பில் இணைப்பு போனது. சரியாகத்தான் செய்திருந்தாள்.